மருந்து எடுத்த தொண்டை

சோறு இறங்குகிறது, ரொட்டி இறங்குகிறது, சுடுதண்ணீரும் இறங்குகிறது. வெறும் எச்சிலை விழுங்கினால் மட்டும் தொண்டைக்குழியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பூரணி இதை முதலில் புருஷன் அழகனிடம் சொன்னபோது, "பேச்சைக் கொறை புள்ள, சரியாப் போயிரும்" என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் இதைவிட நல்லதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாசி மாதத்தில் அவள் வாழ்க்கையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. மலையேறி மலையேறி முட்டி தேய்ந்துபோனதால் கொழுந்து எடுப்பதிலிருந்து அவளை நிறுத்தி ஸ்டோருக்கு மாற்றினார்கள். தேயிலைத் தொழிற்சாலையை ஆனைக்கல் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஸ்டோர்தான். அதே மாதம் ஆட்டோ ஓட்டுகிற மகன் பிரதாப் லிந்துலைப் பக்கத்து வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற ஷெரோமியைக் கட்டிக்கொண்டு வந்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நிறுத்தினான். பூரணி ஆரத்தி எடுத்தாள். மனசுக்குள் எடுத்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

பெண் கெட்டவள் இல்லை. உயர்தரம் வரைக்கும் படித்தவள். வந்த கையோடு தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போனபின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. சத்துமாவைச் சீனி போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து ஊட்டுவாள். காலையில் புள்ளைக்காம்பராவுக்குள் போகமாட்டேன் என்று அழுத பிள்ளைகள், இவள் வந்தபிறகு சாயந்தரம் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதன.

வீட்டில் சமையலும் அவள்தான். அங்கேதான் இடித்தது. மீனுக்குப் புளிப்பாகக் கொறக்கா போடுவாள், பருப்புக்கு வாசத்துக்கு றம்பை இலை கிள்ளிப் போடுவாள். அழகன் விரலைச் சூப்பிச் சாப்பிடுவார். பிரதாப் இரண்டாம் தரம் போட்டுக்கொள்வான். இருபத்தைந்து வருஷம் தன் கைச்சோறு தின்றவர்கள் ஒரு நாளாவது இப்படிச் சாப்பிட்டார்களா என்று பூரணிக்கு வயிறு எரியும். எரிந்த வயிற்றோடு அவளும் இரண்டாம் தரம் போட்டுக்கொள்வாள். சாப்பிட்டு முடித்து எச்சிலை விழுங்கினால் நெல்லிக்காய் அங்கே இருக்கும்.

ஸ்டோரில் அவளுக்குச் சலிக்கிற அறையில் வேலை. காய்ந்த தூளைச் சல்லடை மெஷின்களில் கொட்டி ரகம் பிரிக்கிற இடம். மெஷின் ஓடத் தொடங்கினால் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி எழும்பி, கண்ணிமை, காது மடல், முக்காடு எல்லாவற்றிலும் படியும். மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும். முகமூடி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அந்த இரைச்சலில் பேச முடியாதென்று எல்லாரும் தாடையில் மாட்டியிருந்தார்கள். மலையில் அட்டைக்கும் மழைக்கும் நின்றவளுக்கு இது சொர்க்கம். கூரை இருக்கிறது, காலுக்குக் கீழே தரை காய்ந்திருக்கிறது. இந்த வேலையைப் பற்றி அவள் சாமியிடம்கூட குறை சொன்னதில்லை.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் குழாயில் கொட்டுகிற பீலியடியில் துணி அலசும்போது பூரணி பத்துத் தரம் செருமியிருப்பாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற நாகலெட்சுமி சவுக்காரத்தைக் கல்லில் வைத்துவிட்டு அவளை ஏறஇறங்கப் பார்த்தாள்.

"என்னாக்கா, எந்நேரமும் செருமிக்கிட்டே இருக்கீங்க?"

"தொண்டையில என்னமோ நிக்குதுடி. துப்பவும் வரமாட்டேங்குது, முழுங்கவும் மாட்டேங்குது."

"எப்ப இருந்து?"

"மாசி கடைசியில இருந்து."

நாகலெட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பீலித் தண்ணீர் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. ஆனாலும் குரலைத் தணித்தாள். சில சங்கதிகளை அப்படித்தான் சொல்லவேண்டும்.

"மருமக வந்தது மாசியிலதானே?"

"ஆமா."

"நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க. எங்க சின்னம்மாவுக்கு இப்பிடித்தான் நின்னுச்சு. டிஸ்பென்சரி மருந்தெல்லாம் குடிச்சும் போகல. கடைசியில பாத்தா, ஆள மடக்கச் சோத்துல மருந்து வச்சிருக்கு."

"சீ, வாயக் கழுவு. அது சின்னப் புள்ள."

"நான் யாரையும் சொல்லலக்கா. கேக்குறேன், அம்புட்டுத்தான். மகன் அவ பேச்சத்தானே கேக்குறான்? அண்ணனும் மருமக மருமகன்னு உருகுறாரு. மிச்சம் இருக்குறது நீங்க ஒருத்திதானே?"

இந்தக் கேள்வியைத் துணிக்கூடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு பூரணி வீட்டுக்கு வந்தாள். கூடையை இறக்க முடிந்தது.

அடுத்த வாரம் நானுஓயாவில் அண்ணன் பேத்திக்குச் சடங்கு. பூரணி லீவு போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் தங்கினாள். மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு எச்சிலை விழுங்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி விழுங்கிப் பார்த்தாள். தொண்டை குழந்தைத் தொண்டை மாதிரி இருந்தது. அண்ணி கேட்டதற்கு, "இங்கத்தித் தண்ணி ஒத்துக்கிருச்சு" என்றாள். மனசு வேறு கணக்குப் போட்டது. ஊருக்குத் திரும்பி, மூன்று நாள் ஸ்டோருக்குப் போய், மூன்று நாள் மருமகள் சோற்றைத் தின்றாள். நெல்லிக்காய் வந்து குந்திக்கொண்டது. ஸ்டோரையும் சோற்றையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஸ்டோரின் மேல் அவளுக்குப் பொறாமை இல்லையே.

வட்டகொடைக்குக் கீழே ஒரு லயத்து வரிசை வீட்டில் காளியாயி இருந்தாள். வயிற்றிலிருந்து இடுமருந்து எடுப்பதில் கைராசிக்காரி என்று பெயர். நாகலெட்சுமியே கூட்டிக்கொண்டு போனாள். வெறும் வயிற்றில் வரச்சொல்லி, பச்சிலைச் சாறு ஒரு கோப்பை கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, முதுகிலும் வயிற்றிலும் மாவு பிசைவது போல் பிசைந்தாள் காளியாயி. பூரணி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். காளியாயி வாந்திச் சட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, எதையோ எடுத்துத் தண்ணீரில் அலசி, வாழை இலைத் துண்டில் வைத்தாள். கருப்பாக, பிசுபிசுவென்று, ஒரு மயிர் சுற்றியது.

"பாத்துக்க. மூணு மாசமா ஊறியிருக்கு."

"யாரு வச்சாங்க ஆத்தா?"

"பேரு சொல்ற வழக்கமில்ல. வெளிய தேடாத. ஒங்க அடுப்படியில தேடு."

அழகன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அவ கைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்ததத் தூக்கிக் காட்டியிருப்பா. அந்த மயிரு அவ தலை மயிராக்கூட இருக்கும். போயும் போயும் அந்தப் புள்ளையவா சந்தேகப்படுற?"

"பாத்தீங்களா, ஒங்களுக்கும் வச்சிருக்கா" என்றாள் பூரணி. இதற்குப் பதில் சொல்ல எந்தப் புருஷனாலும் முடியாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காளியாயி மருந்தெடுத்த மறுநாள் ஸ்டோரில் தூள் காயவைக்கிற மெஷின் உடைந்தது. கொழும்பிலிருந்து சாமான் வருகிறவரை ஸ்டோரை மூடிவிட்டார்கள். தோட்டத்துக் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் ஏற்றினார்கள். பூரணி வீட்டில் இருந்தாள், தானே சமைத்துத் தானே தின்றாள். ஐந்தாறு நாளில் தொண்டை பளிச்சென்று திறந்துகொண்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் நாகலெட்சுமியிடம் மட்டும்தான் சொன்னாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்திலேயே பேச்சு ஓடியது.

முதலில் கொழுந்தெடுக்கிற சர்மிளா தன் பிள்ளையைப் புள்ளைக்காம்பராவிலிருந்து நிறுத்தினாள். "காய்ச்சல் மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். பிறகு இன்னொருத்தி தன் மாமியாரிடம் விட்டாள். ஒரு திங்கட்கிழமை ஷெரோமி பிடித்துவைத்த சத்துமா உருண்டைகள் தட்டில் அப்படியே இருந்தன. பிள்ளைகள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள், அவர்களுக்கும் தாய்மார் ரொட்டி கட்டிக் கொடுத்திருந்தார்கள். புள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்த அம்மணி ஷெரோமியைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு லீவுல இருங்க" என்றாள்.

ஷெரோமி உருண்டைத் தட்டோடு நேராக வீட்டுக்கு வந்தாள். பூரணி அடுப்பூதிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் ஒங்களுக்கு மருந்து வச்சேனா?"

பூரணி நிமிரவில்லை. "நான் ஒம் பேரச் சொன்னேனா?"

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"காளியாயி எடுத்தத என் கண்ணால பாத்தேன். அதுக்குப் பொறகு தொண்ட சரியாயிருச்சு. நான் எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"ஒங்களுக்கு மருந்து வச்சு எனக்கு என்ன கெடைக்கப் போகுது அத்தை? இந்தக் காம்பராவா? இந்த ஓட்டைத் தகரமா?"

"எம் மகன்."

ஷெரோமி சிரித்தாள். சிரிக்கவேண்டும் என்று சிரிக்கவில்லை, வாய் அப்படிக் கோணிக்கொண்டது. "அவரு ஏற்கெனவே என்னோடதானே இருக்காரு. அதுக்கு எதுக்கு ஒங்க சோத்துல மருந்து?"

உண்மையான பேச்சு, அதனால்தான் பூரணிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அந்தத் தட்டைப் பிடுங்கி உருண்டைகளைக் கோழிக்குக் கொட்டினாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் இஸ்தோப்பில் வந்து நின்று பார்த்தார்கள். கோழி தின்றதையும் பார்த்தார்கள். சாயந்தரம் பிரதாப் ஆட்டோவில் பெட்டியை ஏற்றி ஷெரோமியை லிந்துலையில் விட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஆத்தாள் சோற்றைத் தொடாமல் ரொட்டியும் கறியும் கடையில் வாங்கித் தின்றான்.

ஸ்டோர் திறந்தது. பூரணி முக்காடு கட்டிக்கொண்டு சலிக்கிற அறைக்குப் போனாள். ஒரு வாரத்தில் நெல்லிக்காய் வந்தது. இந்தத் தரம் மூக்கும் ஒழுகியது, காதுக்குள் அரித்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. செருமலை அடக்கி அடக்கிப் பார்த்தாள். சோற்றுக்கு முன்னால் செருமினாள், பின்னால் செருமினாள். அழகன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இப்ப யாரு வச்சா? நீதான் சமைக்கிற, நீதான் திங்கிற. நான் வச்சேனா?"

"வேரு மிச்சம் இருக்குன்னு நாகலெட்சுமி சொல்றா. இன்னொரு தரம் எடுக்கணுமாம்."

"எடுக்கலாம். அதுக்கு முன்னாடி நாளைக்கு நுவரெலியாவுக்கு வா. வரலன்னா நான் இந்த வீட்ல சோறு திங்கமாட்டேன்."

அழகன் சண்டை போடத் தெரியாத மனிதர். அதனால் பயந்துபோய் அவள் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டரம்மா ஒருத்தி, மகள் வயசு. வேகமாகத் தமிழ் வராது, ஆனால் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் தொண்டை வரைக்கும் பார்த்தாள். பூரணிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அம்மா, கட்டி இல்ல. புண் இல்ல. பயம் வேணாம். மூக்கு உள்ள வீங்கி இருக்கு. சளி பின்னுக்கால தொண்டைக்கு எறங்குது. அதுதான் ஒருண்டை மாதிரி. அம்மா என்ன வேல?"

"ஸ்டோர்ல. தூள் சலிக்கிற எடம்."

"எவ்வளவு காலம்?"

"மாசியில இருந்து."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "தும்மல் வருமா? வேலைக்குப் போகாத நாள் கொறையுதா?"

பூரணிக்கு நானுஓயா நினைவுக்கு வந்தது. மெஷின் உடைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அழகன்தான் சொன்னார்: "கொறையுது டாக்டர். சுத்தமா இல்லாமப் போயிருது."

"அப்ப அலர்ஜியா இருக்கலாம். தேயிலைத் தூசி சிலருக்கு ஒத்துக்காது."

"இருக்கலாமா, இருக்காம்மா?" என்று கேட்டாள் பூரணி. அவளுக்கு உறுதி வேண்டியிருந்தது. காளியாயி உறுதியாகச் சொன்னாளே.

"இருக்கலாம். வயித்துப் புளிப்பு மேல வந்தாலும் இப்பிடி வரும். மனசுக் கவலை இருந்தா கூடும். மாத்திரை தாறன், மூக்குக்கு அடிக்கிற மருந்து தாறன். ஒரு மாசம் தூசியில நிக்காம பாருங்க. நல்லாப் போனா அதுதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பூரணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது ஒரு வார்த்தை. கோழிக்குக் கொட்டிய உருண்டையெல்லாம் கண்முன் உருண்டது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் டாக்டர் எழுதிய துண்டைக் காட்டியதும் ஒரு மாதத்துக்குப் பச்சைக் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு மாற்றினார். தூசி இல்லாத இடம். மாத்திரையும் போட்டாள். பத்துநாளில் தொண்டை விட்டது. மாதம் முடியும்வரை ஒரு நாளும் வரவில்லை. பூரணி விளங்கிக்கொண்டாள். மாதம் முடிந்ததும் கீழே ஆள் பற்றாது என்று டீமேக்கர் மறுபடி சலிக்கிற அறைக்கே அனுப்பினார். அவள் முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு லிந்துலைக்குப் போனாள். பிரதாப்தான் ஆட்டோவில் கூட்டிப்போனான். ஷெரோமியின் அம்மா சிசிலி வாசலில் நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு வழிவிட்டாள். தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். பூரணி மிச்சம் வைக்காமல் குடித்தாள், தின்றாள். எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"தூசிதான் தாயி. டாக்டர் சொன்னாங்க. ஸ்டோர்த் தூசி" என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஷெரோமி சுவரில் சாய்ந்து நின்றாள். இளைத்திருந்தாள். "எங்கிட்ட அழாதீங்க அத்தை. நான் மருந்து வைக்கலைன்னு எனக்குத் தெரியும். நீங்க டாக்டர்கிட்டப் போய்த் தெரிஞ்சுக்கிட்டீங்க. எம் புள்ளைங்களோட தாய்மாருக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"வீடு வீடாப் போய்ச் சொல்லாதீங்க. பெரட்டுல சொல்லுங்க. அங்கதானே பேசுனாங்க? எல்லாரும் இருக்கையில, எம் மருமக மருந்து வைக்கலன்னு சொல்லுங்க. மறுநா நான் வர்றேன். புள்ளைக்காம்பராவுக்கும் வர்றேன்."

"சொல்றேன் தாயி. சத்தியமா."

"சத்தியம் வேணாம். சொல்லுங்க."

மறுநாள் பெரட்டுக்களத்தில் தூறல். பெண்கள் மழைக்குப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கங்காணி மலை பிரித்துக் கொடுப்பதற்காக நின்றார்கள். ஸ்டோருக்குப் போகிறவளுக்கு அங்கே வேலையில்லை. பூரணி நடுவில் போய் நின்றாள். வாழ்நாளில் அவள் இத்தனை பேருக்கு முன்னால் பேசியதில்லை.

"எல்லாரும் கேளுங்க. எம் மருமக எனக்கு மருந்து வைக்கல. நான்தான் தப்பா நெனச்சேன். எனக்கு வந்தது தேயிலைத் தூசியால வந்தது. நுவரெலியா டாக்டர் பாத்துச் சொன்னாங்க. அந்தப் புள்ள கையில குத்தமில்ல. ஒங்க புள்ளைங்கள அனுப்புங்க."

தூறல் படங்கில் விழுகிற சத்தம் கேட்டது. கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சர்மிளாதான் முதலில் பேசினாள், மரியாதையாக.

"டாக்டர் நிச்சயமா சொன்னாங்களாக்கா?"

பூரணி பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று அவளுக்கு உண்மையின் மேல் வெறி பிடித்திருந்தது. "இருக்கலாம்னு சொன்னாங்க. ஆனா ஒரு மாசம் தள்ளி நின்னு பாத்தேன், சரியாயிருச்சு."

"ஸ்டோர்ல அம்புட்டுப் பேரு நிக்கிறாங்களே, அவங்களுக்கெல்லாம் ஏன் வரல?" என்றாள் ஒருத்தி.

"அது ஆளுக்கு ஆளு..."

நாகலெட்சுமி முன்னால் வந்து பூரணியின் கையைப் பிடித்தாள். முகத்தில் மெய்யான இரக்கம் இருந்தது. அதுதான் கொடுமை. "நேத்து லிந்துலைக்குப் போனீங்களாமேக்கா?"

"போனேன்."

"அங்க ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"தேத்தண்ணி குடிச்சேன். அதுக்கென்ன?"

நாகலெட்சுமி கையை விட்டாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பின்வரிசையில் ஒரு கிழவி, "நேத்துக் குடிச்சிருக்கா, இன்னைக்கு அவளுக்காகப் பேசுறா. பாவம், கெட்டிக்கார மருந்து" என்று முணுமுணுத்தாள். சர்மிளா இடுப்பிலிருந்த பிள்ளையின் தலையை முந்தானையால் மூடினாள்.

"அடியே, நான் சுயபுத்தியோடதான் பேசுறேன்!" என்று பூரணி கத்தினாள். கத்தக் கத்த அவர்கள் முகத்தில் பரிதாபம் கூடியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்த வாயைத் திறந்து வைத்தவளே வந்து மூடப் பார்த்தாலும் மூடாது. கங்காணி சத்தம் போட்டார், பெண்கள் மலைக்கு ஏறினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் பூரணி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சொன்னீங்களா அத்தை?"

"சொன்னேன் தாயி. எல்லாரும் இருக்கையில சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பூரணி விறகில் கையை ஊன்றிக்கொண்டாள். "பிரதாப்ப நாளைக்கு அங்கிட்டு அனுப்பி வைக்கிறேன். சாமானெல்லாம் ஏத்திவிடுறேன். அங்கயே ஒரு காம்பரா பாத்து இருங்க. இந்தத் தோட்டத்துல ஒங் கையால எந்தப் புள்ளையும் ஒரு வாய் திங்காது. நான் சொல்லியும் திங்காது. நான் சொன்னதாலயே இனிமே திங்காது."

அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"நீங்க திம்பீங்களா?"

"நான் திம்பேன் தாயி. செத்தாலும் திம்பேன்."

"அது போதும்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு அத்தை" என்றாள் ஷெரோமி. "போதாது."

போனை வைத்துவிட்டாள். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. பூரணி முகமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு சலிக்கிற அறைக்குள் போனாள்.